உச்சி என்று குறித்த மேடு

வேல்ஸின் டொல்கெத்லி ஊரில் பொய்ப்பல் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது தெகித் ரோலண்ட்ஸின் கைவேலையைத்தான் வாயில் வைத்திருந்தார்கள். பல் மருத்துவரின் வீட்டுக்குப் பின்னால் அவனுக்கு ஒரு சின்னப் பட்டறை. பகலெல்லாம் மெழுகில் பல்வரிசை செதுக்குவான். சாயங்காலம் மெழுகுத் தட்டை ஒதுக்கிவிட்டு அதே மேஜையில் கணினியைத் திறந்து மலை பார்ப்பான்.

பெரிய மலைகள் அவனுக்குப் பொருட்டே இல்லை. அவற்றுக்கு ஆள் உண்டு, படம் உண்டு, பெருமை உண்டு. அவனுக்கு வேண்டியவை குட்டி மலைகள், ஆடு மேய்கிற, பாதி ஊருக்குப் பேரே தெரியாத குன்றுகள். வேல்ஸ் முழுக்க அப்படிப்பட்டவற்றைத் தேடித் தேடிப் பட்டியல் போடும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுடைய சட்டம் எளிமையானது. உச்சியிலிருந்து பக்கத்து மலையோடு சேரும் தாழ்வான கணவாய் வரை முப்பது மீட்டராவது இறக்கம் இருந்தால் அது தனி மலை, பட்டியலில் இடம் உண்டு. ஒரு விரற்கடை குறைந்தாலும் அது வெறும் மேடு. மெரியோனெத் பகுதிக்கான பட்டியல் தெகித்தின் பொறுப்பில் இருந்தது. அந்தப் பொறுப்பை அவன் தேவாலயத்துப் பெரியவர் பதவியைப் போல நினைத்திருந்தான். வெளியே சொன்னதில்லை.

முன்பெல்லாம் ஒவ்வொரு குன்றாக ஏறி, கருவி வைத்து அளக்க வேண்டும். இப்போது விமானத்திலிருந்து தரையெங்கும் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அடிக்கு அடி உயரத்தைப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி அரசாங்கமே போட்டுவைத்திருக்கிறது. புல், புதர், வேலி எல்லாவற்றையும் கழித்துவிட்டு வெறும் மண்ணின் முகத்தை அது காட்டும். தெகித் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து ஒரே மாலையில் இருபது குன்றுகளைப் பார்த்துவிடுவான். ஆனாலும் அந்தப் பதிவு ஒரு சாண் முன்னே பின்னே இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லைக்கோட்டில் நிற்கும் குன்றை நேரில் போய்ப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்கக்கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்தவனே தெகித்தான். கூட்டத்தில் எழுந்து நின்று, குரலை உயர்த்தி வாதாடிக் கொண்டுவந்தான்.

பிப்ரவரியில் பிரின் கெரிக் அவன் கண்ணில் பட்டது. நீளமான, முதுகு தட்டையான குன்று. வடக்கு முனையில் பழைய கற்குவியல். அதுதான் உச்சி என்று எல்லா வரைபடமும் சொன்னது. அந்தக் கணக்கில் இறக்கம் முப்பதுக்குக் குறைவு, அதனால் யாரும் சீண்டியதில்லை. ஆனால் லேசர் பதிவில் தெற்கு முனையில், ஒரு பண்ணையின் மேல்வயலில், கற்குவியலைவிட உயரமான ஒரு சின்னப் புடைப்பு தெரிந்தது. அதைக் கணக்கில் எடுத்தால் முப்பதுக்கு மேல் ஒரு சாண் வந்தது. புது மலை!

தெற்குப் பகுதியைப் பார்க்கும் ஒருவர், மெரியோனெத்தில் யாரும் பார்க்காத மலை ஒன்று தன் கையில் சிக்கியிருக்கிறது என்று முந்தின வாரம்தான் குழுவில் எழுதியிருந்தார். எந்த மலை என்று சொல்லவில்லை. இதுவாக இருந்தால்? தெகித்தின் எல்லைக்குள் வேறொருவன் வந்து கண்டுபிடித்தான் என்ற பேர் வந்துவிட்டால்? வெளியே பனிமழை கொட்டிக்கொண்டிருந்தது. தெகித் அன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டான். புது மலை, உச்சியின் இடம் இது, கண்டறிந்தவர் தெகித் ரோலண்ட்ஸ்.

பாராட்டு குவிந்தது. மறுநாள் பட்டறைக்கு ஹெவின் வந்தான். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன், அளவைக்குப் போகும்போதெல்லாம் தெகித்துக்குக் கூட்டு. கருவியின் முக்காலியைச் சுமப்பது அவன்தான்.

"என்னப்பா, புது மலையாமே! என்னை விட்டுட்டு நீ மட்டும் போய் வந்துட்டியாக்கும்?"

தெகித் கையிலிருந்த மேல்வரிசைப் பல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"போய்ப் பாத்தேல்ல?" என்று ஹெவின் மறுபடி கேட்டான். சந்தேகத்தில் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டான்.

"பாத்தேன், பாத்தேன். போன ஞாயித்துக்கிழமை."

"அப்ப சரி. இந்தக் குளிர்ல நீ போயிருக்கேன்னா நெஜமாவே மலைதான்." ஹெவின் சிரித்துவிட்டுப் போனான்.

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் தெகித்துக்கே ஆச்சரியம். வசந்தம் வந்ததும் போய்விடலாம், போய்விட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

வசந்தம் வந்தது. அவன் போகவில்லை, மற்றவர்கள் போனார்கள். பட்டியலில் உள்ள மலைகளையெல்லாம் ஏறி முடிப்பதே வாழ்க்கையாக இருப்பவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். புது மலை என்றால் அவர்களுக்குத் தூக்கம் பிடிக்காது. மான்செஸ்டரிலிருந்து, கார்டிஃபிலிருந்து, எங்கெங்கிருந்தோ வந்தார்கள். படங்கள் போட்டார்கள். பச்சை மேட்டின் மேல் ஒற்றைக்காலில் நிற்பவர், இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி நிற்பவர், பீர் டப்பாவோடு ஒருவர், மேட்டின் மேல் தன் நாயை உட்காரவைத்த ஒரு பெண். மேட்டின் ஓரத்தில் மஞ்சள் டாஃபடில் பூக்கள் மிதிபட்டுக் கிடந்தது சில படங்களில் தெரிந்தது. மலை உச்சியில் அந்தப் பூ தானாக முளைக்காது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் "வாழ்த்துகள்" என்று எழுதினான்.

மே மாதத்தில் ஒருவர் எழுதினார்: 'அந்த மேடு மனிதர் போட்டது மாதிரி இருக்கிறதே, ரோலண்ட்ஸ் நேரில் பார்த்தபோது எப்படி முடிவு செய்தார்?' மனிதர் குவித்த மண்ணோ கல்லோ உயரக் கணக்கில் சேராது என்பதும் சட்டம். தெகித் ஹெவினிடம் சொல்லாமல், சனிக்கிழமை காலையில் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினான்.

பண்ணை வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் யாராவது என்ன ஏது என்று கேட்பார்கள். பண்ணைக்கு ஏறும் சந்துக்குக் கீழேயே விட்டுவிட்டு, சுவரோரமாக ஏறி மேல்வயலுக்குப் போனான். ஆட்டுக்குட்டிகள் ஓடின. மேடு இருந்தது, ஒரு ஆள் நீளத்துக்கு. மேலே வந்தவர்கள் அடுக்கிய நாலைந்து கற்கள். அவன் கற்களை ஒதுக்கி, மேட்டின் நடுவில் முக்காலியை ஊன்றி, நிலைக்கும்படி கால்களை மண்ணுக்குள் மிதித்து அழுத்தினான். கருவி வானத்துச் செயற்கைக்கோள்களைப் பிடித்துச் சரியான உயரம் சொல்ல நெடுநேரம் ஆகும். அதுவரை மேட்டின் சரிவிலேயே முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டு, பாலாடைக்கட்டியும் ஊறவைத்த வெங்காயமும் வைத்த ரொட்டியைப் பிரித்தான்.

எண்கள் வரத் தொடங்கின. அவனுக்கு விளங்கவில்லை. லேசர் பதிவில் இருந்ததைவிட மேடு ஒரு அடிக்கும் மேல் தாழ்ந்திருந்தது. மலை வளர்வதுமில்லை, குறைவதுமில்லை. கருவியில் கோளாறா என்று எட்டிப் பார்த்தான்.

"அங்க உக்காராதீங்க, தம்பி."

வாளியும் கையுமாக ஒரு வயதான பெண்மணி நின்றிருந்தாள். ரப்பர் காலணி, ஆண்கள் போடும் மேல்கோட்டு. கோபமில்லாத குரல், பல தடவை சொல்லிச் சலித்த குரல்.

"அது டைலோ" என்றாள்.

தெகித்துக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் துள்ளி எழுந்தான். ரொட்டி மேட்டின் மேல் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கவும் முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. அவளே வந்து எடுத்து, வெங்காயத் துண்டுகளைப் புல்லிலிருந்து பொறுக்கி வாளியில் போட்டாள்.

"என் வீட்டுக்காரர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பர்ல போனார். கல்லறைத் தோட்டத்துல என்னைப் படுக்க வைக்காதே லினெட், அங்க எல்லாம் வம்பு பேசுறவங்க, என்னை மேல ஆடுங்ககிட்டயே விட்டுடுன்னார். கல்லும் வேணாம், பேரும் வேணாம்னார். பூவாவது வைப்பேன்னு சண்டை போட்டு நான்தான் கிழங்கு நட்டேன்."

"எனக்கு... தெரியாதும்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? மொதல்ல நல்லா உசரமா இருந்துது. மண்ணை நெறையக் குவிச்சாங்க, அமுங்கிடும்னு. அந்த வாரமே ஒரு விமானம் சும்மா இங்கயும் அங்கயும் ஓட்டிக்கிட்டே இருந்துது, ஆடெல்லாம் மெரண்டுச்சு. அப்புறம் ரெண்டு மழைக்காலம். பெட்டி இறங்குது, மண்ணும் இறங்குது. அப்படித்தானே ஆகும்?"

தெகித் கருவியைப் பார்த்தான். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு அடி எங்கே போனது என்று அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கருவியை உடனே எடுக்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் அதை எடுக்க மறுபடியும் மேட்டின் மேல்தான் கால் வைக்க வேண்டும். எட்டி நின்று, மூன்று கால்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். மண்ணில் மூன்று குழிகள். அவள் பார்க்க, அவற்றைக் கட்டைவிரலால் அடைத்தான்.

"யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல போட்டுட்டானாம், இதுதான் உச்சின்னு" என்றாள் லினெட். "அதுலேர்ந்து வராங்க. நல்ல புள்ளைங்கதான், கேட்டைச் சாத்திட்டுத்தான் போறாங்க. யாரு என்னன்னு தெரியாமத்தானே ஏறி நிக்கிறாங்க? நான் ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து சொல்றதுக்குள்ள இறங்கிப் போயிடறாங்க. ஆனா அந்த எழுதினவன் இருக்கானே, அவன் வந்து பாத்திருந்தா வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான்ல? ஒரு வார்த்தை கேட்டிருப்பான்ல?"

"கேட்டிருக்கணும்" என்றான் தெகித். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"நீங்க கவுன்சில் ஆளா? அதைச் சரி பண்ணத்தான் அளக்க வந்தீங்களா?"

நான்தான் அவன் என்று சொல்ல அந்த இடத்தைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. வாயைத் திறந்தான். "நான் சொல்லி... எடுக்கச் சொல்றேன்மா" என்றுதான் வந்தது.

லினெட்டின் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் விடாமல் அவனை வீட்டுவாசல் வரை அழைத்துப் போய், அன்று இட்ட முட்டைகளைக் காகிதப் பையில் போட்டுக் கையில் திணித்தாள். "இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. இதுக்குன்னு ஒருத்தர் வந்தாரேன்னு எனக்கு இப்பத்தான் நிம்மதி" என்றாள்.

வீட்டில் மனைவி எய்ர்லிஸ் முட்டைகளை எடுத்துப் பார்த்தாள். "ஏது இது? மலையில கோழி மேயுதா?"

"வழியில வாங்கினேன்."

"அடேயப்பா, நீயா? வீட்டுக்கு ஒரு சாமான் தானா வாங்கினதா சரித்திரம் உண்டா?" என்று கேலி செய்துகொண்டே பொரித்தாள். மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. தெகித் தலைவலி என்று சொல்லி மாடிக்குப் போய்விட்டான்.

அன்றே பட்டியலிலிருந்து பிரின் கெரிக்கை எடுத்தான். 'மறு அளவையில் மேடு இயற்கையானதல்ல என்று தெரிகிறது, அதைக் கழித்தால் இறக்கம் போதாது' என்று எழுதினான். எல்லாம் உண்மை. கல்லறை என்று எழுதவில்லை, தான் முதலில் போகவே இல்லை என்றும் எழுதவில்லை. ஏறி முடித்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் எடுத்தது மட்டும் போதவில்லை. அதற்குள் அந்த மலை பல பேருடைய கைபேசி வரைபடங்களில் பிரதியாகிவிட்டிருந்தது. மனிதர்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள், புதுப் படங்கள் வந்துகொண்டேதான் இருந்தன.

ஹெவின் ஒரு மதியம் பட்டறைக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மறு அளவைன்னு போட்டிருக்கே. அந்த இடம் எதுன்னு இன்னிக்குத்தான் வரைபடத்துல வெச்சுப் பாத்தேன். நான் என்னமோ வடக்கால இருக்கிற கற்குவியலைத்தான் நீ சொல்றேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அது டைலோவோட வயல்ப்பா. அந்த வீட்டுக்கு இருபது வருஷம் தபால் போட்டவன் நான். அவரைத் தூக்கிட்டுப் போன ஆறு பேருல நானும் ஒருத்தன்."

தெகித் செதுக்கிக்கொண்டிருந்த பல்வரிசையை மேஜையில் வைத்தான்.

"நீ பிப்ரவரில போகல."

"போகல."

"எங்கிட்ட போனேன்னு சொன்னே."

"சொன்னேன்."

ஹெவின் மேஜை மேலிருந்த மெழுகுப் பல்வரிசையை எடுத்துப் பார்த்து, மறுபடி அதே இடத்தில் வைத்தான். "போகலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே, தெகித். சொன்னா நான் என்ன, உன்னை அடிக்கவா போறேன்?"

அவன் திட்டியிருந்தால் தேவலை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அடுத்த நாள் தெகித் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பிரின் கெரிக்குக்குப் போனான். இந்தத் தடவை வீட்டுவாசலிலேயே வண்டியை நிறுத்தி, கதவைத் தட்டினான். லினெட் அவனைக் கண்டதும் சிரித்தாள். "வாங்க தம்பி! எடுத்துட்டாங்களா?"

"எடுத்தாச்சு. ஆனா... அதை எழுதினது நான்தாம்மா. நான் வந்து பாக்காமலே எழுதினேன். அன்னிக்கு உங்ககிட்டச் சொல்லவும் இல்ல."

லினெட்டின் சிரிப்பு உடனே போகவில்லை, மெல்ல மெல்லப் போனது. அது போவதை முழுக்க நின்று பார்க்க வேண்டியிருந்தது. அவள் வெகுநேரம் அவன் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் முட்டையைத் தின்னியா?" என்று கேட்டாள் கடைசியில். 'நீங்க' போய்விட்டிருந்தது.

"நான் திங்கல. என் மனைவி தின்னா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஆக, அவளையும் ஏமாத்தியிருக்கே. போ. மொதல்ல இங்கேர்ந்து போ."

கதவு சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்து எய்ர்லிஸிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பாதியில் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிட்டாள், முதுகைக் காட்டிக்கொண்டே மீதியைக் கேட்டாள். "ஒரு வயசான பொம்பளை கையால வாங்கி எனக்குக் கொண்டுவந்து குடுத்தியே" என்றாள்.

பிறகு அவன் எல்லோரும் படிக்கும் இடத்தில் தன் பேரைப் போட்டு எழுதினான். அது ஒரு மனிதரின் கல்லறை, நான் போகாமலே போனதாகச் சொன்னேன், தயவுசெய்து யாரும் அங்கே போகாதீர்கள், உங்கள் கைபேசியிலிருந்து அந்த இடத்தை நீக்குங்கள். சிலர் திட்டினார்கள். அது பரவாயில்லை. பலர் 'எவ்வளவு நேர்மை', 'பெரிய மனசு' என்று எழுதினார்கள். அதைப் படிக்கும்போதுதான் காது மடல்வரை சுட்டது. இன்னொருவன் வாயால் பிடிபட்ட பிறகு சொன்னதற்குப் பேர் நேர்மையா?

எழுத்தைப் படிக்காதவர்களும் இருப்பார்களே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தின் கீழ்முனையில் போய் நின்றான். வண்டியில் வருகிறவர்களை மறித்துச் சொல்வான். முதல் வாரம் லினெட் மேலேயிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் மழையில் குடையோடு இறங்கி வந்தாள்.

"எதுக்கு இங்க நிக்கிறே? தேவாலயத்துக்குப் போறவங்க எல்லாம், உன் வாசல்ல யாரும்மா அந்த ஆளுன்னு என்னைக் கேக்கறாங்க. உன் பாவத்தைக் கழுவ என் வீட்டு வாசல்தான் கெடச்சுதா?"

"வேணாம்னா போயிடறேன்மா. ஆனா இன்னும் ஆளுங்க வராங்களே."

அவள் யோசித்தாள். "ரோட்டு முனைக்குப் போ. இங்கேர்ந்து என் கண்ணுக்குத் தெரியாத எடத்துல நில்லு."

அவன் ரோட்டு முனைக்குப் போனான்.

ஜூலையில் ஒரு ஞாயிறு சிவப்பு வண்டி ஒன்று வந்தது. ஓட்டி வந்த பெண்ணை அவன் அடையாளம் கண்டுகொண்டான். மேட்டின் மேல் நாயை உட்காரவைத்துப் படம் போட்டவள், இமோஜென் என்று பேர். இந்தத் தடவை அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பின்சீட்டில் அதே நாய்.

"மேல போகாதீங்க. அது ஒருத்தரோட கல்லறை" என்றான் தெகித், எல்லோரிடமும் சொல்வதுபோல.

அவள் முகம் வெளிறிப்போனது. "எது? அந்தப் பச்சை மேடா?" என்றாள். நாயைத் திரும்பிப் பார்த்தாள். "நான் அதை அதுமேல... கடவுளே, அது அங்க கால் தூக்கிச்சு. நாங்க சிரிச்சோம்."

"உங்க தப்பு இல்ல. அதைப் பட்டியல்ல போட்டவன் நான்தான். நான் போய்ப் பாக்கல."

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. வண்டியை விட்டு இறங்கிச் சுவரோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அண்ணன்காரன் அவள் தோளைத் தட்டிக்கொண்டே தெகித்தை முறைத்தான். தெகித்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை நாளும் வெட்கப்பட வேண்டியவன் தான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தான். மனதில் ஒரு களங்கமும் இல்லாமல் மலையேற வந்த இந்தப் பெண்ணையும் அல்லவா அதற்குள் இழுத்துவிட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. வாழ்த்துகள் என்று அவளுக்கு எழுதியதும் நினைவுக்கு வந்தது.

அழுகைச் சத்தம் கேட்டதோ, நாய் குரைத்தது கேட்டதோ, லினெட் சந்தில் இறங்கி வந்தாள். விஷயத்தை அண்ணன்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"அட, இதுக்கா அழறே? அவருக்கு மனுஷங்களைவிட நாயைத்தான் ரொம்பப் பிடிக்கும், கண்ணு. உயிரோட இருந்தப்பவே அவர் பூட்ஸுல எத்தனை நாய் பேஞ்சிருக்கும்! வா, உள்ள வந்து டீ குடி. நாயையும் கூட்டிக்கிட்டு வா."

மூன்று பேரும் நாயும் மேலே போனார்கள். லினெட் தெகித்தைத் தாண்டிப் போகும்போது அவன் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. அவன் சாயங்காலம் வரை ரோட்டு முனையிலேயே நின்றான். சிவப்பு வண்டி இறங்கிவந்தபோது இமோஜென் சன்னல் வழியாகக் கை அசைத்தாள். அதை ஏற்றுக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் அவன் கையைப் பாதிவரை தூக்கினான்.

இலையுதிர் காலத்துக்குள் ஆட்கள் வருவது நின்றுபோனது. மெரியோனெத் பட்டியலை ஹெவினிடம் ஒப்படைக்கும்படி தெகித் குழுவுக்கு எழுதினான். ஹெவின் ஏற்றுக்கொண்டான். உடனே பேசிவிடவில்லை. அக்டோபர் கடைசியில் ஒரு நாள் பட்டறைக் கதவைத் திறந்து, "பாலா ஊருக்குப் பக்கத்துல ஒரு குன்று எல்லைக்கோட்டுல நிக்குது. முக்காலியைத் தூக்க ஆள் வேணும். வரியா?" என்று மட்டும் கேட்டான். கருவி இனி ஹெவின் கையில், முக்காலி தெகித்தின் தோளில்.

அந்தக் குன்று ஒரு பண்ணைக்குப் பின்னால் இருந்தது. ஹெவின் வண்டியிலேயே இருந்துகொண்டான். கதவைத் தட்டப் போனவன் தெகித். தட்டினான். உள்ளே ஒரு வானொலி பாடிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினான். யாரும் வரவில்லை. குன்று வீட்டுக் கூரைக்கு மேலே, வெயிலில், கையெட்டும் தூரத்தில் தெரிந்தது. கதவு திறந்தால் யார் என்று கேட்பார்களே, தன் பேரைச் சொல்ல வேண்டுமே என்ற நினைப்பிலேயே அவனுக்கு முகம் சூடேறியிருந்தது.

திரும்பி வந்து முக்காலியை வண்டிக்குள் வைத்தான்.

"என்னாச்சு?" என்றான் ஹெவின்.

"ஆள் இல்ல. கேக்காம ஏற வேணாம், இன்னொரு நாள் வரலாம்."

ஹெவின் குன்றை ஒரு தடவை பார்த்தான். பிறகு வண்டியைக் கிளப்பினான்.